பாட்டில் வரும் ‘நீ’ யார் என்று கேட்பதில்லை

‘ஒன்ஸ்’ படத்தைக் காதல் படம் என்று சொல்லி நண்பர்களுக்குப் பரிந்துரைத்து நான் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். காதலைச் சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் காட்சி இல்லை. நாயகனுக்கும் நாயகிக்கும் பெயர்கூட இல்லை. கடைசியில் அவன் ஒரு ஊருக்குப் போகிறான், அவள் தன் குடும்பத்தோடு இருந்துவிடுகிறாள். “இதுல காதல் எங்கேய்யா இருக்கு?” என்பார்கள். சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டையாவது எழுதி முடித்தவர்களிடம் போட்டுக் காட்டினால் அந்தக் கேள்வி வராது. படம் முழுக்க இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். காதல் அந்த வேலைக்குள் இருக்கிறது.

நான் பாட்டுக்கு வரி எழுதுபவன். என் மனைவி கீபோர்டு வாசிப்பவள், மெட்டுப் போடுபவள். நாங்கள் முதலில் பாட்டு எழுதினோம், அப்புறம்தான் காதல், அதற்கும் பிறகுதான் கல்யாணம். இந்த வரிசையில் வந்தவர்களுக்கு என்னென்ன சிக்கல் வரும், எது கைகொடுக்கும் என்று சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் படத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொல்கிறேன். படம் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது, முடிவை ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்றாலும்.

2007இல் வந்த அயர்லாந்துப் படம் அது. டப்ளின் தெருக்களில் நடக்கிறது. இயக்கியவர் ஜான் கார்னி. தெருவில் கிட்டார் வாசித்துப் பாடுபவனாக க்ளென் ஹான்சார்ட், செக் நாட்டிலிருந்து பிழைக்க வந்த பெண்ணாக மார்கெட்டா இர்க்லோவா. இருவரும் நிஜத்திலேயே பாட்டுக்காரர்கள். ஹான்சார்டின் இசைக்குழுவில் கார்னி ஒருகாலத்தில் பேஸ் கிட்டார் வாசித்தவர். 17 நாளில், ஒன்றரை லட்சம் யூரோகூடச் செலவாகாமல் எடுத்துவிட்டார்கள். தெருக் காட்சிகளில் கேமராவைத் தள்ளி வைத்து நீண்ட லென்ஸில் எடுத்ததால், போகிறவர் வருகிறவர் பலருக்கு அங்கே படப்பிடிப்பு நடப்பதே தெரியாதாம். அந்த இயல்பு பாட்டுக் காட்சிகளிலும் இருக்கிறது. பாட்டு எங்கிருந்தோ முழுதாக வந்து விழுவதில்லை, நம் கண்முன்னால் உருவாகிறது.

முக்கியமான காட்சி இசைக்கருவிக் கடையில். அவளிடம் பியானோ கிடையாது. மதிய வேளையில் கடைக்காரர் கொஞ்ச நேரம் வாசித்துக்கொள்ள விடுவார். அங்கே அவனைக் கூட்டிப் போகிறாள். அவன் தன் பாட்டின் வரிகளை அவள்முன் வைத்து, எந்த இடத்தில் எந்த கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் எந்தச் சுரக்கூட்டு, என்று சொல்லிக்கொடுக்கிறான். அவள் தடவித் தடவித்தான் சேர்ந்துகொள்கிறாள். முதலில் விரல் மட்டும், பிறகு அடிக்குரலில் ஒரு ஒத்துக்குரல். அவன் பாட்டை அவள் திருத்தவில்லை. ‘இங்கே இப்படி மாற்றலாமே’ என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பாட்டை முதலில் அப்படியே கற்றுக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

நாங்கள் வேலை செய்யும் முறைக்கு அதுதான் அடிப்படை. அடுத்தவர் கொண்டுவரும் பாட்டை முழுதாக ஒருமுறை வாசிக்கவோ பாடவோ கற்றுக்கொள்ளும்வரை கருத்துச் சொல்வதில்லை. கேட்க எளிதாக இருக்கிறது, செய்து பார்த்தால் தெரியும். மெட்டைக் கேட்ட பத்தாவது நொடியில் நமக்குள் இருக்கும் மேதாவி விழித்துக்கொள்வான். அவனை உட்கார வைக்க ஒரே வழி கைக்கு வேலை கொடுப்பது. வரி எழுதுகிறவனாக இருந்தாலும் நான் அந்த மெட்டை நாலு தடவை முனகிப் பாடுவேன். பாடும்போதுதான் எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது, எந்தத் திருப்பம் அவளுக்குப் பிடித்துப் போட்டது, எது வழி தெரியாமல் போட்டது என்பது பிடிபடும். அதன் பிறகு சொல்லும் கருத்துக்கு மரியாதை உண்டு.

இன்னொரு காட்சி, பேட்டரிக் காட்சி. தான் போட்ட ஒரு மெட்டைக் கொடுத்து, இதற்கு வரி எழுது என்கிறான் அவன். ராத்திரி கேட்டுக்கொண்டிருக்கும்போது பிளேயரில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. குழந்தையின் உண்டியலிலிருந்து காசு எடுத்துக்கொண்டு, வீட்டு உடுப்போடு கடைக்குப் போய் பேட்டரி வாங்கி, ஹெட்போனை மாட்டியபடி தெருவில் நடந்துகொண்டே வரிகளைப் பாடுகிறாள். வரி எழுதுகிறவர்களுக்கு அந்த நடை தெரியும். நாற்காலியில் வராத வரி நடக்கும்போது வரும். தாளம் காலில் ஏறிவிடுவதால் இருக்கலாம்.

மெட்டுக்கு வரி எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காதலைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், இதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

முதலில் மெட்டை எப்படி வாங்குவது என்பது. என் மனைவி தொடக்கத்தில் கார்டு, தாளக்கட்டு, பின்னணி எல்லாம் போட்டு அழகாக அனுப்புவாள். கேட்க நன்றாக இருக்கும், எழுத உட்கார்ந்தால் ஓடாது. பின்னணியே பாதி உணர்ச்சியைச் சொல்லிவிட்டால் வரிக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. இப்போது குரல் மட்டும்தான் வாங்குவேன். கூடப் போனால் ஒரு கார்டு. செல்போனில் பதிந்த கரகரப்பான ‘தன்னானே’ போதும். அதில் மெட்டு நின்றால் எதிலும் நிற்கும்.

அடுத்து அந்த மெட்டைத் தத்தகாரமாக, அதாவது ‘தான தனனா’ மாதிரி வெறும் ஓசையாக, எழுதிக்கொள்வது. எங்கே குறில், எங்கே நெடில், எந்த எழுத்து எத்தனை அடி நீள்கிறது, எங்கே மூச்சு வாங்க இடம் என்று தாளில் குறித்துக்கொள்வேன். நான் கவிதை எழுதிப் பழகியவன். கவிதையில் கண் படிக்கும். பாட்டில் தொண்டை படிக்க வேண்டும். இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரே ஒரு வரியில். மெட்டு ‘தானா தான தனனா’ என்று போகும், கடைசி ‘னா’ ஒரு முழுத் தாளத்துக்கு நீளும். நான் எழுதியிருந்தது:

பாடல் மீதி உனது

தாளில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அவள் பாடிக் காட்டினாள். ‘உனதூஊஊ’ என்று போய் முடிந்தது. குற்றியலுகரம் என்பது குறுகி ஒலிப்பதற்கென்றே இருக்கும் உகரம். அதை நாலு அடிக்கு இழுத்தால் என்ன ஆகும்? பாடுகிறவர் எவ்வளவு நல்ல குரல் வைத்திருந்தாலும் உதடு குவிந்தே நிற்கும், குரல் வெளியே வராது.

“நீங்களே ஒரு தடவை பாடிப் பாருங்க” என்றாள். அப்போது எங்களுக்குள் ‘நீங்க’தான்.

பாடினேன். சிரித்துவிட்டோம்.

“கடைசில வாய் திறக்கிற மாதிரி ஏதாவது குடுங்க. ‘ஆ’ல முடிஞ்சா நான் பாத்துக்கறேன்.”

அப்படித்தான் அது ‘பாடல் மீதி தரவா’ என்று ஆனது. ஓசைக்காக மாற்றப் போனது பாட்டின் பொருளையே மாற்றிவிட்டது. முதல் வரியில் நான் தாராளமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். இரண்டாவதில் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். சரணம் முழுவதையும் அந்தக் காத்திருப்புக்கு ஏற்ப மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பாட்டும் தேறியது.

நீளும் இடங்களில் ஆகார, ஓகாரங்கள் வசதி. உச்சத்துக்குப் போகும் சுரத்தில் ‘ஈ’ வைத்தால் சிலருக்குத் தொண்டை இறுகும். பாடப்போகிறவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். ம், ன், ல் போன்ற ஒற்றில் முடிந்தால் மூக்கொலியாகவோ நாக்கில் உருண்டோ கொஞ்சம் நீளும். இன்னொன்று மூச்சு விடும் இடம். ‘உன்னை விடமாட்டேன்’ என்று நான் எழுதிக் கொடுத்த வரியில் மெட்டு ‘விட’வுக்குப் பின்னால் மூச்சு வாங்கியது. ‘உன்னைவிட...’ என்று பாடி நிறுத்தினால் கேட்கிறவர்கள் யாரோ ஒப்பீட்டுக்கு வருகிறார்கள் என்று நினைப்பார்கள். ‘உன்னைவிட அழகி’ என்று அடுத்து வந்துவிடுமோ என்று பயம். அந்த வரியை அப்படியே தூக்கிவிட்டேன். வரியை எழுதியதும் மூச்சுக் குறி போட்டுப் படித்துப் பார்க்கிற பழக்கம் இதிலிருந்துதான் வந்தது.

தாளம் தொடங்கி அரை அடி தள்ளி எடுக்கும் மெட்டுகளில் இன்னொரு வம்பு உண்டு. வார்த்தையின் முதல் எழுத்து அடிக்கு முன்னாலேயே விழுந்து, நடு எழுத்தில் அடி விழும். காதுக்கு வார்த்தை வெட்டுப்பட்டதுபோல் இருக்கும். அந்த இடத்தில் ‘நான்’, ‘நீ’, ‘ஏன்’, ‘ஓ’ மாதிரி ஓரெழுத்து ஈரெழுத்துச் சொல்லை முன்னால் நிறுத்திவிட்டு, கனமான வார்த்தையை அடியில் இறக்கினால் சரியாகிவிடும். சினிமாப் பாட்டுகளில் இத்தனை ‘நீ’க்கள் இருப்பதற்குக் காதல் மட்டும் காரணமில்லை என்பது என் கட்சி.

அவள் மெட்டுப் போடும்போது வாயில் வந்ததை எல்லாம் வைத்துப் பாடுவாள். சாவியைத் தேடுவது, மின்கட்டணம், அப்பாவுக்கு மாத்திரை, எல்லாம் பாட்டில் வரும். இந்த டம்மி வரிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. அர்த்தம் குப்பைதான். ஆனால் எந்த இடத்தில் எந்த உயிரெழுத்து அவள் வாயில் தானாக வந்தது என்பது அதில் இருக்கும். அதே ஓசையில் அர்த்தமுள்ள சொல் கிடைத்தால் அந்த வரி பாடுவதற்கென்றே பிறந்ததுபோல் உட்கார்ந்துவிடும்.

சரி, காதலுக்கு வருவோம்.

சேர்ந்து எழுதும்போது வரும் நெருக்கம் சாதாரணமானதல்ல. பாதி உருவான, அரைகுறையான, வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றை ஒருவர் முன்னால் வைக்கிறோம். அவர் அதைக் கேலி செய்யாமல் கையில் எடுத்து, இன்னும் நல்லதாக்கித் திருப்பிக் கொடுக்கிறார். வீட்டிலோ அலுவலகத்திலோ வாழ்நாளில் எத்தனை பேர் நமக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள்? நெஞ்சு நிறைந்துவிடும். அதோடு, எழுதுகிற பாட்டே காதல் பாட்டாக இருந்து, ‘உன் விழியில்’ என்று எழுதிக் கொடுத்ததை அவள் கண்ணைப் பார்த்துப் பாடிக் காட்ட, யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்ற கோடு அழிந்துபோகும்.

படத்தில் இந்தக் குழப்பம் தொடக்கத்திலேயே வருகிறது. பழகிய புதிதில் அவன் அவளை அன்றிரவு தன் அறையில் தங்கிவிடச் சொல்கிறான். அவள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அடுத்து அவன் மன்னிப்புக் கேட்டு, மறுபடி வேலையில் உட்கார்ந்துதான் உறவு தொடர்கிறது. அந்த நெருக்கம் உண்மையானது. ஆனால் அது முதலில் பாட்டுக்குச் சொந்தம். அதை உடனே வேறு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் பாட்டும் போகும், ஆளும் போவார்.

எங்களிடம் யோசனை கேட்கும் இளம் ஜோடிகளுக்கு நான் சொல்வது இதுதான். பாட்டு பாதியில் இருக்கும்போது காதலைச் சொல்லாதீர்கள். எழுதி, பதிந்து, நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, அது உங்கள் கையை விட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு வேலை ஒன்றும் இல்லாத ஒரு நாளில் சந்தியுங்கள். பாட்டைப் பற்றிப் பேசாமல் ஒரு மத்தியானம் முழுக்க ஓட்ட முடிகிறதா பாருங்கள். முடிந்தால் மேலே யோசிக்கலாம். முடியாவிட்டால் உங்களுக்கு நல்ல கூட்டாளி கிடைத்திருக்கிறார், அது ஒன்றும் குறைந்த விஷயமில்லை. எங்கள் விஷயத்தில் அந்த மத்தியானம் சாயங்காலம்வரை நீண்டது. பேசியதில் பெரும்பகுதி அவள் அப்பாவின் உடல்நிலையைப் பற்றி. இசையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. எனக்குத் தெளிவாகிவிட்டது. அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு பாட்டு கொஞ்ச காலம் நின்றுபோனது. இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கூட்டாளியிடம் ‘இந்த வரி வேண்டாம்’ என்று கேட்டுக்கொள்வது ஒன்று. ராத்திரி ஒரே தட்டில் சாப்பிடுகிறவளிடம் கேட்டுக்கொள்வது வேறு. வரியைச் சொன்னால் மனுஷனைச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. காலையில் போட்ட சண்டை மதியம் இடையிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதைவிடப் பெரிய தலைவலி வேறு. ஒரு பிரிவுப் பாட்டுக்கு நான் வரி எழுதிக் கொடுத்தேன். விட்டுப்போன ஒருத்தியின் மணிக்கட்டு, அதில் கடிகாரம் கழற்றிய தடம் என்று ஒரு சித்திரம். பாடிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“இது யாரு?”

“யாருமில்ல. வரி.”

“கடிகாரத் தடமெல்லாம் கற்பனையில வராது.”

“வரும்.”

“சரி, வரட்டும்” என்று கீபோர்டை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், அந்த மணிக்கட்டு நான் ஒரு ரயிலில் பார்த்த முன்பின் தெரியாத ஒரு பெரியவருடையது. அவரைப் பெண்ணாக்கி, பிரிவில் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. பதிலாக, அந்த வாரமே ‘ஒன்ஸ்’ படத்தை மறுபடி சேர்ந்து பார்த்தோம். முன்பு கவனிக்காத ஒன்று இந்தமுறை கண்ணில் பட்டது. அவன் பாட்டுகளில் பல, லண்டனுக்குப் போய்விட்ட பழைய காதலியை நினைத்து எழுதியவை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே ஒத்துக்குரல் பாடுகிறாள், பியானோ வாசிக்கிறாள். ஸ்டுடியோவில் ஒரு ராத்திரி, அவள் தன் கணவனை நினைத்து எழுதிய பாட்டை இருட்டில் பியானோவில் பாடிக் காட்டுகிறாள், பாதியில் உடைந்து நிறுத்திவிடுகிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான். இருவரும் பாட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவளே சொன்னாள், “இனிமே யாருன்னு கேக்க மாட்டேன். நீயும் கேக்காதே.” அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் அது. பாட்டில் வரும் ‘நீ’ யார் என்று கேட்பதில்லை. கேட்கலாம் என்று இருப்பவை வேறு: இந்த ‘நீ’ எங்கே நிற்கிறாள், எவ்வளவு தூரத்தில், பதில் சொல்வாளா மாட்டாளா. இவை பாட்டுக்குத் தேவையான கேள்விகள். இப்படிக் கேட்க ஆரம்பித்ததும் என் வரிகளில் பொதுவான ‘கண்ணே மணியே’ குறைந்துபோனது. அவளும் தன் மெட்டுகளில் யாருக்காகவோ ஏங்குகிறாள். ஏங்கட்டும், மெட்டு நன்றாக இருக்கிறது.

விமர்சனத்துக்கும் ஒரு முறை வைத்துக்கொண்டோம். ‘நல்லா இல்ல’ என்ற சொல்லுக்கு வேலை நேரத்தில் தடை. இடத்தைச் சுட்டிச் சொல்ல வேண்டும்: ‘இரண்டாவது சரணம் வந்ததும் என் கவனம் போய்விட்டது’, ‘இந்த வார்த்தை எனக்குக் காதில் விழவில்லை’. இப்படிச் சொன்னால் கோபம் வராது என்று சொல்ல மாட்டேன், வரும். ஆனால் கோபம் ஆறியதும் எந்த இடத்தில் வேலை செய்வது என்பதாவது தெரியும். வேலைக்கு ஒரு நேரம், ஒரு இடம் என்று ஒதுக்கியதும் உதவியது. படுக்கையில் பல்லவி பேசுவதில்லை. இதை இருவருமே அடிக்கடி மீறுகிறோம்.

பதிவு செய்யும் விஷயத்தில் படம் கற்றுக்கொடுப்பது நிறைய. அவர்கள் கடன் வாங்கி, ஒரு வார இறுதிக்கு ஸ்டுடியோவை எடுக்கிறார்கள். ஒலிப்பதிவாளர் முதலில் அசட்டையாக உட்கார்ந்திருப்பார், பாட்டு சூடேற ஏற நிமிர்ந்து உட்காருவார். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த முகம் அவருடையதுதான். கடைசியில், பதிந்த பாட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் காரில் கிளம்புகிறார்கள். ஸ்டுடியோவின் விலையுயர்ந்த ஸ்பீக்கரில் எல்லாம் நன்றாகத்தான் கேட்கும். காரின் சுமாரான ஸ்பீக்கரில், சாலை இரைச்சலுக்கு நடுவே பாட்டு நிற்கிறதா என்பதுதான் சோதனை. ஒலிப்பதிவாளர்கள் நிஜமாகவே இதைச் செய்வார்கள். நாங்களும் செல்போன் ஸ்பீக்கரில், பக்கத்து அறையிலிருந்து, குழாயைத் திறந்துவிட்டு என்று கேட்டுப் பார்ப்போம். வரி புரியவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் ஒலிக்கலவையில் தவறில்லை, அடுத்தடுத்து வல்லின ஒற்றாக நான் எழுதி வைத்திருப்பேன். பின்னணியில் தாளக் கருவிகள் தடதடக்கும்போது ‘க்க’, ‘ட்ட’, ‘த்த’ எல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

இனி பேசக் கூச்சப்படும் விஷயம், கணக்கு. வரிக்கு ஒரு உரிமை, மெட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்கு இன்னொரு உரிமை. மூன்றும் தனித்தனி. காதலிக்கிறவர்கள் இதைப் பேசுவதை அவமானமாக நினைப்பார்கள். நமக்குள்ளே என்ன கணக்கு என்பார்கள். நமக்குள் வேண்டாம்தான், ஆனால் மூன்றாவது ஆள் ஒருவர் பாட்டைக் கேட்டு வரும் நாளில் வேண்டும். ஒவ்வொரு பாட்டும் முடிந்த அன்றே, யார் எதை எழுதியது, பங்கு என்ன என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு இருவரும் கையெழுத்து வைத்துவிடுங்கள். எங்களுடையது எப்போதும் சரிபாதி. அவள் ஒரு வார்த்தை மாற்றினாலும் சரிபாதி, நான் ஒரு சுரம் சொன்னாலும் சரிபாதி. வார்த்தையை எண்ணிப் பங்கு போட ஆரம்பித்தால், நல்ல யோசனையைச் சொல்வதற்கு முன் ஆட்கள் கணக்குப் பார்ப்பார்கள்.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு இதே படத்தின் பாட்டே சாட்சி. இசைக்கருவிக் கடையில் அவர்கள் பாடும் ‘ஃபாலிங் ஸ்லோலி’ 2008 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. அதற்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. படம் வெளியாவதற்கு முன்பே அந்தப் பாட்டு ஹான்சார்டின் குழு வெளியிட்ட ஆல்பத்திலும், இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்திலும், ஒரு செக் படத்திலும் வந்துவிட்டிருந்தது. படத்துக்காகவே எழுதிய பாட்டாக இருந்தால்தான் அந்த விருதுக்குத் தகுதி. ஆஸ்கர் அமைப்பு விசாரித்து, படத்துக்காகத்தான் எழுதப்பட்டது, படம் முடியத் தாமதமானதால் பாட்டு முந்திக்கொண்டது என்று ஏற்றுக்கொண்டது. நம் பாட்டுக்கு ஆஸ்கர் வருகிறதோ இல்லையோ, எந்தப் பாட்டு எப்போது, எதற்காக உருவானது என்று காட்ட நம்மிடம் ஏதாவது இருப்பது நல்லது. முதல் கரகரப்புப் பதிவைக்கூட அழிக்காதீர்கள்.

அந்த மேடையில் இன்னொன்றும் நடந்தது. ஹான்சார்ட் பேசி முடித்து, இர்க்லோவா வாயைத் திறப்பதற்குள் வெளியேறும் இசையை எழுப்பிவிட்டார்கள். விளம்பர இடைவேளைக்குப் பிறகு தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் அவரைத் திரும்ப மேடைக்கு அழைத்துப் பேச வைத்தார். இருவர் சேர்ந்து எழுதும் இடங்களில் இது ஓயாமல் நடக்கும். எங்களையே எடுத்துக்கொண்டால், சில நிகழ்ச்சிகளில் மெட்டும் என்னுடையது என்று நினைத்து என்னிடம் வந்து பாராட்டுவார்கள். அந்த நொடியிலேயே, அவர் எதிரிலேயே, “மெட்டு அவங்க” என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து அவளிடம் சமாதானம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

படத்தில் பிரிந்த அந்த ஜோடி நிஜத்தில் காதலித்தார்கள். பிறகு நிஜத்திலும் பிரிந்தார்கள். பிரிந்த பிறகும் சேர்ந்து பாட்டெழுதி 2009இல் ‘ஸ்ட்ரிக்ட் ஜாய்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். படத்துக்குப் பிந்தைய அவர்களுடைய பயணத்தையும் பிரிவையும் காட்டும் ஆவணப்படம் ஒன்றும் 2011இல் வந்தது. ‘ஒன்ஸ்’ பிடித்தவர்களுக்கு அதைப் பார்ப்பது கொஞ்சம் கசக்கும். நான் பார்க்கச் சொல்வேன். காதல் போன பிறகும் இருவர் ஒரே மேடையில் நின்று அதே பாட்டை முறையாகப் பாட முடியும் என்பதை வேறெங்கும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் என் மனைவி எங்களுக்கும் ஒரு தாள் எழுத வைத்தாள். நாளை நாம் பிரிந்தால் பாட்டுகள் என்ன ஆகும் என்று. இருவரும் பாடலாம், இருவரும் மற்றவருக்குப் பாடக் கொடுக்கலாம், ஆனால் அவள் மெட்டில் நான் வேறு வரி வைக்கக் கூடாது, என் வரியை அவள் வேறு மெட்டில் ஏற்றக் கூடாது. சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் அபசகுனம் என்பார்கள். எழுதி முடித்த பிறகு எங்களுக்குள் ஒரு இலகு வந்தது என்னவோ நிஜம். வேண்டாத வரியை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் கூடியிருக்கிறது. தாளில் இன்னும் தீராமல் கிடப்பது ஒரே ஒரு விஷயம், பழைய ஒலிப்பதிவுகளை யார் வைத்துக்கொள்வது என்பது. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன் நான். ‘புதுசு’, ‘புதுசு இரண்டு’, ‘கடைசி’, ‘நிஜமாகவே கடைசி’ என்று பெயர் வைத்திருக்கிறாயே, அந்தக் கோப்புகளை முதலில் ஒழுங்குபடுத்து, பிரதியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்கிறாள் அவள்.